நெத்திலி பர்மனென்ட் ஆன விதம்

எங்கள் கம்பெனியில் திருட்டு நடந்ததே இல்லை. பித்தளைக் கப்பிகள் காணாமல் போகும், அவ்வளவுதான். திருடன் பிடிபட்டால்தான் அது திருட்டு, பிடிபடாத வரையில் அது சரக்குக் குறைவு என்று கம்பெனியின் காவல் இலாகா அதிகாரி தாமோதரம் எங்களுக்கு விளக்கியிருந்தார். யுத்தத்தில் பர்மா எல்லை வரைக்கும் போய்த் திரும்பி வந்த மனிதர். சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

கம்பெனி திருவொற்றியூரில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்தது. கப்பல்களுக்கு வேண்டிய வடக்கயிறு திரிப்பது தொழில். அந்தக் கயிறு ஓடுகிற கப்பிகளும் கிடங்கில் இருக்கும். திரித்த கயிற்றைத் தாரில் முக்கி எடுப்பார்கள். அந்தப் பக்கத்தில் யார் வீட்டு ரசத்தை மோந்து பார்த்தாலும் கொஞ்சம் தார் வாசனை வரும். சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மானேஜர் துரைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அவர் இன்னும் போகவில்லை. நான் அங்கே டைப்பிஸ்டு, டெம்ப்ரவரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் டெம்ப்ரவரியாகச் சேர்ந்தவர்கள் டெம்ப்ரவரியாகவே தலை நரைத்துப் போயிருக்கிறார்கள். தினமும் காலையில் வாசலில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். மாலையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். பர்மனென்ட் ஆட்களுக்குப் பித்தளை டோக்கன் உண்டு.

கப்பிகள் அதிகமாகக் காணாமல் போகவே, கிடங்கைக் காக்கப் பழக்கிய நாய் ஒன்று வைத்துக்கொள்ளும்படி லண்டன் தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. பழக்கிய நாய் வாங்க வேண்டுமானால் துரையும் லண்டனும் கையெழுத்துப் போட வேண்டும். பழக்காத குட்டியாக இருந்தால், விளக்குமாறு, வாளி மாதிரி சில்லறைச் சாமான் என்று எழுதித் தாமோதரமே வாங்கிவிடலாம். அதனால் குட்டி வாங்கினார். ராயபுரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல்காரர் வீட்டில் அல்சேஷன் போட்ட குட்டி. தகப்பன் தான்தான் என்று ராயபுரத்துத் தெரு நாய் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

சோப்புப் பெட்டியில் வந்து இறங்கிய குட்டி, நாலடி நடந்து, தாமோதரத்தின் பூட்ஸை மோந்து பார்த்து, அதன் மேலேயே மூத்திரம் பெய்தது.

"இதுதான் தைரியம்! மேலதிகாரி என்கிற பயமே இல்லை பாருங்கள்" என்றார் தாமோதரம். "இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்."

வாட்ச்மேன் பொன்னுரங்கம் தன் தலைத்துண்டை அவிழ்த்து அந்தப் பூட்ஸைத் துடைத்தான். துடைக்கக் குனிந்தவன் எழுந்திருப்பதற்குள் குட்டியை வளர்க்கும் பொறுப்பு அவன் தலையில் விழுந்துவிட்டது. டோக்கனோ சீட்டோ இல்லாத உயிர் எதையும் உள்ளே விடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சீட்டைக் கொடுத்தால் தின்றுவிடும் என்று குட்டியின் கழுத்தில் ஒரு பித்தளை டோக்கனைக் கட்டினார்கள். துரை அதற்கு டியூக் என்று பெயர் வைத்தார். பொன்னுரங்கம் யுத்தத்துக்கு முந்தியிலிருந்தே அங்கே வாட்ச்மேன். அவன் அன்று மாலை தன் சீட்டை வாசலில் கொடுத்துவிட்டு, டோக்கன் போட்ட குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

போகும்போது தாமோதரம் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "நன்றாகப் பழக்கு. இது பரீட்சையில் தேறுகிற அன்றைக்கே நீ பர்மனென்ட்."

பர்மனென்ட் என்றால் லயனில் வீடு. கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள் உண்டு. பொன்னுரங்கத்தின் குடிசை காலாடிப்பேட்டையில் பள்ளத்தில் இருந்தது. மழைக்காலத்தில் அவனும் அவன் சம்சாரம் கெங்கம்மாவும் சட்டி பானைகளோடு கயிற்றுக் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். கெங்கம்மா நெட்டுக்குப்பத்துப் பெண், கூடை சுமந்து மீன் விற்பவள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஓட்டு வீடு ஒன்றுதான் அவள் அவனிடம் கேட்டது.

"இன்னாய்யா இது, நெத்திலியாட்டம் வெறும் எலும்பா கீது? இதுவா திருடன புடிக்கப் போவுது?" என்றாளாம் குட்டியைப் பார்த்ததும்.

"வளரும் கெங்கா. இது தேறிச்சின்னா நாம பர்மனென்ட்டு. மயைக்கு ஒயுகாத வூடு."

"அப்ப தேறட்டும்" என்று அவள் மீன் கூடையில் பழைய புடவையைப் போட்டுக் குட்டியை அதில் படுக்க வைத்தாள். வீட்டில் அதன் பெயர் நெத்திலி ஆயிற்று.

நெத்திலி முதல் வாரம் தாயைத் தேடி அழுதது. இரண்டாவது வாரம் அழுகையை விட்டுவிட்டுக் கடிக்க ஆரம்பித்தது. பொன்னுரங்கத்தின் ஒரு செருப்பு, பாயின் விளிம்பு, விளக்குமாற்றில் பாதி, கெங்கம்மாவின் தலைச் சும்மாடு எல்லாம் போயின. கூரையில் உலர்த்தியிருந்த கருவாட்டைக் கட்டிலிலிருந்து எட்டி இழுத்துத் தின்றுவிட்டு, குடிசைக்குள்ளேயே கக்கிவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது. மெழுகின தரையாகப் பார்த்து மூத்திரம் பெய்வது அதற்கு ஒரு சுகம். கெங்கம்மா திட்டிக்கொண்டே துடைப்பாள். சோறு வைத்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே மணலில் விடுவாள். அங்கே போனால் ஒரு மீன் தலை. உள்ளே போய்விட்டால் அடிக்க மாட்டாள், முதுகைத் திருப்பிக்கொண்டு அதனோடு பேசாமல் இருப்பாள். நெத்திலியால் மீன் தலை இல்லாமல்கூட இருக்க முடிந்தது, அவள் பேசாமல் இருப்பதை அதனால் தாங்க முடியவில்லை. சீக்கிரமே கற்றுக்கொண்டது.

பகலில் நெத்திலி அவனோடு கம்பெனிக்கு வரும். அங்கே இதே பாடத்துக்குக் கமிட்டி போட்டார்கள். தாமோதரமும் லேபர் ஆபீசர் சந்தானமும் கூடிப் பேசி, இரண்டு கிடங்குகளுக்கு நடுவே தகரத் தட்டி அடித்து, தரைக்குச் சிமெண்டு பூசி, 'டியூக்குக்கு மட்டும்' என்று பலகை மாட்டினார்கள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கடற்கரைக்கே போய்க்கொண்டிருந்த தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு வந்து அதைப் பார்த்தார்கள்.

"சாரு, நாயி இல்லாத டயத்துல நாங்க போயிக்கலாமா?" என்று கேட்டார் தார்த் தொட்டி மேஸ்திரி உசேன்.

"உங்களுக்கென்று வங்காள விரிகுடா முழுவதையும் விட்டிருக்கிறோமே!" என்றார் தாமோதரம்.

நெத்திலி உள்ளே போகவில்லை. பலகையின் காலை மோந்து பார்த்து அதன் மேலேயே பெய்துவிட்டு வந்தது. உத்தரவைப் படித்த உடனே நிறைவேற்றினான் என்று தாமோதரம் லண்டனுக்கு ரிப்போர்ட் அனுப்பினார். அதை டைப் அடித்தது நான்தான்.

மனிதர்களுக்கு அரிசி ரேஷனில் கிடைத்துவந்த காலம் அது. டியூக்குக்கு மட்டும் தினமும் பாலும் ஆட்டுக்கறியும் அனுமதியாயின. பால் குடித்தால் நெத்திலிக்கு வயிற்றால் போயிற்று. கெங்கம்மா அதைப் பக்கத்துக் குடிசை வியாகுலம்மாளின் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, நாய்க்குக் கஞ்சியில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைத்தாள். நாய் வளர்ந்தது. எல்லாம் பாலின் மகிமை என்று தாமோதரம் எழுதினார். வியாகுலம்மாளின் குழந்தையும் நன்றாகத்தான் வளர்ந்தது, ஆனால் அதைப் பற்றி ரிப்போர்ட் எதுவும் இல்லை.

வருஷம் முடியப் போகும்போது நெத்திலி இடுப்பு உயரம் வந்துவிட்டது. ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடங்கியிருக்கும். காலையில் சங்கு ஊதினால் கூடவே ஊளையிடும். தொழிலாளிகள் வாசலில் வரிசையாக வரும்போது ஒவ்வொருத்தன் கையையும் நக்கி உள்ளே அனுப்பும். அது குரைத்தது பூட்ஸ் சத்தத்துக்கு மட்டுந்தான். கம்பெனியில் பூட்ஸ் போட்டவர்கள் இரண்டே பேர், துரையும் தாமோதரமும்.

துரை காரிலிருந்து இறங்கும்போதெல்லாம் நாய் பாய்ந்து பாய்ந்து குரைத்தது. தாமோதரத்துக்குப் பேஜாராகிவிட்டது. மறுபடி கமிட்டி கூடியது. பேசுவதை எழுதிக்கொள்ள என்னையும் உட்கார வைத்தார்கள்.

"தப்பு நாயின் மேல் இல்லை. திருடன் எப்படி இருப்பான் என்று நாம் அதற்குச் சொல்லவே இல்லையே" என்றார் தாமோதரம்.

"எப்படி இருப்பான்?" என்றார் சந்தானம்.

"லுங்கி கட்டியிருப்பான்."

"அப்படியென்றால் நம் ஆட்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள்."

"உடம்பு ஒட்டிப்போய், பார்வையில் ஒரு பசி இருக்கும்."

"மீதிப் பாதியும் போய்விடும். கயிறு யார் திரிப்பது?"

தாமோதரம் யோசித்தார். கடைசியில், நாடகக் கொட்டகையில் வருகிற திருடனே எல்லாருக்கும் பொதுவான திருடன் என்று முடிவாயிற்று. கோடு போட்ட பனியன், அரைக்கால் சட்டை, மூக்குக்குக் கீழே கறுப்புத் துணி. வாட்ச்மேன்களுக்கு யூனிபாரம் வேண்டும் என்ற மனு யுத்தத்துக்கு முந்தியிலிருந்து கிடப்பில் இருந்தது. திருடனுக்கு யூனிபாரம் அந்த வாரமே தைத்து வந்தது.

யார் திருடனாக இருப்பது என்பதில் விவாதம் வரவில்லை. அதிகாரி இருக்க முடியாது. பர்மனென்ட் தொழிலாளியைத் திருடனாக நடி என்றால் யூனியன் சண்டைக்கு வரும். டெம்ப்ரவரிக்கு இன்ன வேலை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அதனால் எந்த வேலையும் கொடுக்கலாம். பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவன் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்றான். "புதுத் துணி டைப்பு சாரு. கம்பெனி துணி" என்று தடவிப் பார்த்துக்கொண்டான். கம்பெனி அவனுக்குக் கொடுத்த முதல் யூனிபாரம் அது. அவன் சந்தோஷப்பட்டதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

முதல் நாள் பயிற்சியில் நெத்திலி திருடனைப் பார்த்ததும் ஓடிப் போய் இரண்டு காலையும் அவன் தோளில் போட்டு, முகத் துணிக்கு மேலேயே நக்கியது. வாசனை காட்டிக் கொடுக்கிறது என்று தாமோதரம் கண்டுபிடித்தார். யூனிபாரத்தைத் தார்த் தொட்டியில் முக்கி எடுத்துக் காயப் போட்டார்கள். மறுநாள் திருடனின் கையில் ஒரு பிரம்பும் கொடுத்தார்கள்.

"அடி" என்றார் தாமோதரம். "திருடனிடம் பிரியம் வைக்கிற நாய் சமுதாயத்துக்கே ஆபத்து."

பொன்னுரங்கம் பிரம்பைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றான். நெத்திலி வாலை ஆட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஏதோ புது விளையாட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ அடிக்காவிட்டால் நாய் தேறாது. நாய் தேறாவிட்டால் நீ பர்மனென்ட் ஆக மாட்டாய். உன் இஷ்டம்."

அடித்தான். ஜன்னலுக்கு வெளியேதான் அது நடந்தது. நாயின் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்காமல் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் காலையில் இது நடந்தது. முடிந்ததும் பொன்னுரங்கம் மண்ணெண்ணெய் போட்டுத் தாரைக் கழுவிக்கொண்டு, தன் வேட்டியைக் கட்டிக்கொண்டு வருவான். நெத்திலி முனகிக்கொண்டே ஓடி வந்து அவன் காலுக்கு நடுவே புகுந்துகொள்ளும். திருடன் தன்னை அடித்துவிட்டான் என்று அவனிடமே முறையிடுவதுபோல் இருக்கும். அடித்தவனும் இவனும் ஒன்று என்று அதற்குப் பரீட்சை நாள் வரை தெரியவில்லை.

நெத்திலியின் முதுகில் தடித்திருந்ததைக் கெங்கம்மா பார்த்துவிட்டாளாம். மறுநாள் அவனே சொன்னான்.

"எவன்யா என் புள்ளைய அடிச்சதுன்னா டைப்பு சாரு. திருடன்னேன். எந்தத் திருடன்னா. கம்பெனி திருடன்னேன். அப்பால அவளுக்கே புரிஞ்சி போச்சி. எங்கூட பேச மாட்டேன்றா."

"முதுகைத் திருப்பிக்கொள்கிறாளா?"

"ஆமா சாரு. வூடு வந்துட்டா எல்லாம் செரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டுப் பிரம்பை எடுத்துக்கொண்டு போனான்.

இதற்குள் லண்டனிலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. ஒரு வருஷமாக நாய் வைத்திருக்கிறீர்களே, பிடித்த திருடர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லையென்றால் நாயையும் காவல் இலாகாவையும் கலைத்துவிடலாமே. தாமோதரத்தின் நெற்றியில் அன்றைக்குத்தான் வேர்வையைப் பார்த்தேன். உடனே ஒரு நிரந்தர உத்தரவைச் சொல்ல, நான் டைப் அடித்தேன். வாசலில் ஒட்டினார்கள். கம்பெனி எல்லைக்குள் டியூக் யாரைக் கடிக்கிறதோ அவன் திருடன். மனிதன் பொய் சொல்வான், பழக்கிய நாய் பொய் சொல்லாது, ஆகையால் விசாரணை தேவையில்லை. இப்படி ஒரு உத்தரவு இருந்தால் திருடர்கள் தாமாக வந்து மாட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். ஒருவனும் வரவில்லை. பரீட்சை நாள் வந்தது.

சாமியானா போட்டு, நாற்காலி போட்டு, துரைக்குச் சோடா வைத்திருந்தார்கள். நெத்திலிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். அது மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. தாமோதரம் எழுந்து பேசினார்.

"இந்த நாய்க்குச் சொந்த புத்தி என்று எதுவும் கிடையாது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இருந்ததை ஒரு வருஷத்தில் எடுத்துவிட்டோம். யாரைக் கடி என்கிறோமோ அவனைக் கடிக்கும். ஏன் என்று கேட்காது. நானும் முப்பது வருஷமாக இப்படித்தான் உத்தியோகம் பார்த்து வருகிறேன். இதைவிடச் சிறந்த ஊழியரை இந்தக் கம்பெனி எங்கே தேடும்?"

எல்லாரும் கை தட்டினார்கள். கிடங்குக் கதவு திறந்தது. கோடு போட்ட பனியனும் முகத் துணியுமாகப் பொன்னுரங்கம் ஒரு பித்தளைக் கப்பியைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து ஓடினான். சங்கிலியை அவிழ்த்தார்கள். நெத்திலி சத்தமே இல்லாமல் போய் அவன் கெண்டைக்காலைக் கவ்வியது.

திருடன் நாயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது பரீட்சை விதி. அவன் சொல்லவில்லை. கப்பியைக் கீழே போடக் கூடாது என்பதும் விதி. அவன் அதையும் போடவில்லை. பல் உள்ளே போகப் போகக் கைத்தட்டல் அதிகமாயிற்று. நாய் விடுவதாக இல்லை. விடச் சொல்லும் கட்டளையைத் தாமோதரம் கற்றுக்கொடுக்க மறந்திருந்தார். ரத்தம் மணலில் சொட்ட ஆரம்பித்த பிறகுதான், சாமியானாவுக்குக் கேட்காத குரலில் அவன் சொன்னான்.

"உடு கண்ணு... நெத்திலி... உடும்மா."

நெத்திலி வாயை எடுத்தது. குரல் வந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தது. தாரை மோந்தது, ரத்தத்தை மோந்தது. பிறகு வயிறு தரையில் படும்படி படுத்து, குட்டியாக இருந்தபோது செய்த மாதிரி இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்தது.

"கடமை முடிந்ததும் எவ்வளவு அடக்கம் பாருங்கள்" என்றார் தாமோதரம்.

துரை சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, "அப்படியானால் ஒரு திருடன் பிடிபட்டான். லண்டனுக்கு எழுதலாமா?" என்று கேட்டார். அவர் எதைப் புரிந்துகொண்டு கேட்டாரோ தெரியாது. தாமோதரம் வாசலில் ஒட்டியிருந்த உத்தரவைப் பார்த்தார். மணலில் உட்கார்ந்து காலைக் கட்டிக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தைப் பார்த்தார்.

"எழுதலாம் சார்" என்றார்.

நான் டைப் அடித்தேன். முகமூடி அணிந்த ஒருவன், கம்பெனி எல்லைக்குள், பித்தளைக் கப்பியோடு, மானேஜர் முன்னிலையில், டியூக்கால் பிடிபட்டான். அதில் ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

காலில் கட்டோடு பொன்னுரங்கம் ஆபீஸ் அறைக்கு வந்தான். பர்மனென்ட் உத்தரவை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தான்.

"சாரு, நீங்கதான சாரு திருடச் சொன்னீங்க?" என்று கேட்டான், பிடிபட்ட திருடன் அவன்தான் என்று சொன்ன பிறகு.

"நடிக்கச் சொன்னேன்" என்றார் தாமோதரம். "கப்பி நிஜமா, பொய்யா?"

"நெசம் சாரு."

"கடி?"

"நெசந்தான் சாரு."

"நாய் நடித்ததா?"

"இல்ல சாரு."

"பிறகு?"

சந்தானம் ஆறுதலாகப் பேசினார். "போலீசுக்குச் சொல்லவில்லை, அது கம்பெனியின் பெருந்தன்மை. உன்னை நாங்கள் வேலையிலிருந்து நீக்கவும் இல்லையப்பா. டெம்ப்ரவரியை நீக்குவதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. நாளைக் காலையில் சீட்டுக் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்."

"அப்ப பர்மனென்ட்டு சாரு?"

"ஆகிவிட்டதே. டியூக் இன்றிலிருந்து பர்மனென்ட். லயன் வீட்டையும் அதன் பேருக்கே எழுதியாகிவிட்டது."

"யூனிபாரத்தத் துவச்சிக் குடுத்துடவா சாரு?" என்று கேட்டான்.

"ரத்தம் பட்டுவிட்டதே. நீயே வைத்துக்கொள்" என்றார் தாமோதரம் தாராளமாக.

நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட பிறகு பொன்னுரங்கம் கெங்கம்மாவுக்கு மீன் கூடை தூக்கும் வேலைக்குப் போனான். நெத்திலி ஓட்டு வீட்டில் தனியாக இருந்தது. மழை அதன் மேல் ஒரு சொட்டும் படவில்லை. கறியைத் தொடவில்லை, பாலைத் தொடவில்லை. வேறொரு டெம்ப்ரவரி அதைப் பிடித்துக்கொண்டு போய் வாசலில் கட்டுவான். கூடையோடு பொன்னுரங்கம் அந்த வழியாக வரும்போது, கம்பிக் கதவுக்குள்ளிருந்து ஊளையிட்டுப் புரண்டு வாலால் மண்ணை வாரி அடிக்கும். அவன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டுவான். ஒரு நாள் அது அந்தக் கையை நக்கிக்கொண்டிருந்தபோது துரையின் கார் வந்துவிட்டது.

கம்பெனி பிடித்த ஒரே திருடனோடு கம்பெனி நாய் உறவு வைத்திருந்தது. மன்னிக்கிற குற்றமா? ஆனால் நெத்திலி பர்மனென்ட். விசாரிக்காமல் நீக்க முடியாது. குற்றப் பத்திரிகையை அதன் முன்னால் நின்று சந்தானம் உரக்கப் படித்தார். பதில் சொல்ல அவகாசம் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று என்னை நியமித்தார்கள். பொன்னுரங்கத்துக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை.

"பழக்கிய நாய் பொய் சொல்லாது என்பது நம் உத்தரவு" என்றேன் நான், எனக்கே பயமாக இருந்த ஒரு குரலில். "அது அவனிடம் வாலை ஆட்டுகிறதென்றால் அவன் திருடன் இல்லை என்று ஆகாதா?"

சந்தானம் தாமோதரத்தைப் பார்த்தார். தாமோதரம் அசரவே இல்லை. "கடித்தபோது டியூக் டியூட்டியில் இருந்தான். வாலை ஆட்டியது தனிப்பட்ட ஹோதாவில். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது."

குற்றவாளி தன் தரப்பில் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். டோக்கனைக் கழற்றிவிட்டு, கழிவுக் கயிற்றில் ஒரு துண்டை அதன் கழுத்தில் கட்டி என் கையில் கொடுத்தார்கள். வெளியே எங்கேயாவது விட்டுவிடச் சொன்னார்கள். நான் காலாடிப்பேட்டைக்கு நடந்தேன். பாதி வழிக்கு மேல் நான் அதை இழுக்கவில்லை, அதுதான் என்னை இழுத்தது.

குடிசையின் கூரையில் ஏறி ஓலை செருகிக்கொண்டிருந்த பொன்னுரங்கம் எங்களைப் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கி வந்தான். நான் கயிற்றை விட்டதும் நெத்திலி நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. பாதியிலேயே நின்றது. முதுகு மயிர் சிலிர்த்தது, உதடு விலகிப் பல் தெரிந்தது. அவன் மேல் அந்தக் கோடு போட்ட பனியன். அவனிடம் வேறு பனியன் இல்லை. துவைத்தும் தார் வாசனை போயிருக்கவில்லை.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"கயட்டிப் போடுய்யா அத்த" என்றாள் கெங்கம்மா, வாசலிலிருந்து. பரீட்சைக்கு அப்புறம் அவள் அவனோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

அவன் கழற்றி அடுப்பில் போட்டான். தார் தோய்ந்த துணி, குப்பென்று பற்றிக்கொண்டது. புகை அடங்கும் வரைக்கும் நெத்திலி தூரத்திலேயே நின்றது. பிறகு மெதுவாக வந்து அவன் கையை மோந்து, இறங்கி, கெண்டைக்காலில் இருந்த தழும்பை மோந்தது. அந்தத் தழும்பின் மேலேயே முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

"அது மேல தப்பு இல்ல டைப்பு சாரு" என்றான் பொன்னுரங்கம். "துணி மேலதான்."

கப்பிகள் இப்போதும் காணாமல் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்ததற்காக லண்டன் காவல் இலாகாவைப் பாராட்டியது, இன்னொரு நாய்க்கு அனுமதியும் தந்தது. நேற்று ஒரு சோப்புப் பெட்டி வந்து இறங்கியது. திருடன் யூனிபாரம் எங்கே என்று தாமோதரம் கேட்டார். எரிந்துவிட்டது என்றேன். கம்பெனி சொத்தை எரித்தவனைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, தையல்காரரை அழைத்துவரச் சொன்னார்.

யூனியன் சண்டை போட்டதில் வாட்ச்மேன்களை இந்தத் தடவை பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள். அதனால் திருடனாக நடிக்க ஆள் கிடைக்காமல் சந்தானம் அறையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்து, "நீர் இன்னும் டெம்ப்ரவரிதானே?" என்றார்.

ஆமாம் என்றேன். தையல்காரர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டு அளவெடுத்தார். சோப்புப் பெட்டியின் விளிம்பில் முன்னங்காலை வைத்து எட்டிப் பார்த்த குட்டி, என்னைக் கண்டதும் வாலை ஆட்டியது.